சேர்ந்ததாகக் கருதப்படுகிறார்

மனிதனிடம் சுதந்திரத்தைக் கொடுத்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் திண்டாடிப் போவான் என்பதைப் பல்கலைக்கழகம் நீண்டகால அனுபவத்தில் அறிந்துவைத்திருந்தது. ஆகவே எதையும் அது மாணவர்களின் விருப்பத்துக்கு விடுவதில்லை. எந்த மையில் எழுதுவது, விடைத்தாளை எந்த மூலையில் கட்டுவது, வராந்தாவில் எந்தப் பக்கமாக நடப்பது, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஒரே ஒரு விஷயம் மட்டும் எப்படியோ கைதவறி விடுபட்டுப் போயிருந்தது. அதுதான் இணைப்புக் கணிதம்.

பள்ளிக்கூடத்துக் கணக்கை மறந்துபோனவர்களுக்காகப் பட்டப்படிப்பு தொடங்குமுன் நடத்தப்படும் வகுப்பு அது. மறந்ததை நினைவுபடுத்தி, தெரியாததைச் சொல்லிக் கொடுத்து, ஆளைக் கரை சேர்ப்பது அதன் நோக்கம். "மேற்படி வகுப்பில் சேர்வதும் சேராதிருப்பதும் மாணவரின் சுயதீர்மானத்துக்கு உட்பட்டதாகும்" என்று அனுமதிக் கடிதத்தின் கடைசி வரி சொன்னது. கட்டாயம் சேர் என்றிருந்தால் மாத்திரையக்கா பேசாமல் சேர்ந்திருப்பாள். சேரவே கூடாது என்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டதால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்திரையக்கா என்பது தெரு வைத்த பெயர். மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவள். எதை எத்தனை வேளை, எத்தனை மில்லி என்பதைக் கடையின் மருந்தாளுநர் உறையில் எழுதுவார். அவள் அதைப் படித்துச் சொல்லுவாள். அவர் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் யாராவது, "குழந்தைக்கு எவ்வளவு குடுக்கணும்?" என்று கேட்டால், "இருங்க, அவர் வரட்டும்" என்பாள். கல்யாணமாகி, பெண் பிறந்து, அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் "இருங்க, அவர் வரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது. மருந்தாளுநர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். யார் செய்த புண்ணியமோ, இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் முதல் வருடக் கணிதத்தில் தோற்றால் இடம் பறிபோகும், மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. அதையும் அதே கடிதம் வாழ்த்துகளுக்கு நடுவில் தெரிவித்திருந்தது.

"சேந்துடேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். உலகத்துப் பிரச்சினைகளைக் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புபவர்.

"சேரலாம்தான். லீவு பூரா போயிடும். கடையிலயும் பாதி நேரம்தான் நிக்க முடியும். தேவையே இல்லாம போய் உக்காந்தேன்னு வைங்க, எவ்வளவு நஷ்டம்?"

"தேவையா இல்லையான்னு இப்பவே பாத்துடலாம். முக்காலையும், மூணுல ரெண்டு பங்கையும் கூட்டு."

மாத்திரையக்கா மேலே இருந்ததை மேலே இருந்ததோடும், கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் நியாயமாகக் கூட்டினாள். "ஏழுல அஞ்சு பங்கு."

"அதெப்படி? முக்காலைவிடக் கம்மியா வருதே? கூட்டினா குறையுமா?"

"நம்ம ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினா மாசக் கடைசியில குறையலையா? அந்த மாதிரிதான்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "கிளட்ச் மிதிக்காம கியர் போட்டா வண்டி உதறும். நீ சேந்துடு."

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது. உண்மையில் அவளுக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதுகுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. சேர்ந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது வகுப்புக்குத் தெரிந்துவிடும். சேராவிட்டால் பரீட்சையில் தெரிந்துவிடும். இரண்டில் முதலாவது தேவலை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள்.

"இணைப்புக் கணிதத்துல சேரணும். முடிவு பண்ணிட்டேன்."

மறுமுனையில் இருந்தவர் பதறிவிட்டார். "யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"சுயதீர்மானம்னு போட்டிருந்துதே?"

"ஆமா. அதுக்காக நீங்களாவே எடுத்துடுறதா? சுயதீர்மான வழிகாட்டு மையம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? முதல்ல அங்க வாங்க."

இணைப்புக் கணிதத்தைக் கற்பிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். அதில் சேரலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க உதவுவதற்கு ஓர் இயக்குநர், இணை இயக்குநர்கள், துணை இயக்குநர்கள், ஆலோசகர்கள், இவர்கள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் புதிதாகக் கட்டிய ஒரு மாளிகை. கற்பது யாராலும் முடியும், தீர்மானிப்பதுதான் கடினம் என்பது அண்மைக்கால ஆராய்ச்சியின் முடிவு. ஆராய்ச்சியைச் செய்ததும் அந்த மையமே.

மாத்திரையக்கா உள்ளே நுழைந்ததும் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். கட்டடத்தில் எங்கேயும் எண்களே இல்லை. கடிகாரத்தில் முட்கள் மட்டும் வெறும் வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. நாட்காட்டியில் பூக்கள் இருந்தன, தேதி இல்லை. அறைகளுக்கு எண்களுக்குப் பதிலாகத் துணிவு, அமைதி, தெளிவு என்று பெயர்கள். கணக்குக்குப் பயந்து வருகிறவர்களை எண்களைக் காட்டி மேலும் புண்படுத்தக் கூடாது என்ற உயர்ந்த எண்ணத்தில் எடுத்த நடவடிக்கை அது. இந்த மாதிரி மையங்களில் இப்போது இதுதான் நாகரிகமாம்.

வாசலில் இருந்தவர் ஒரு டோக்கனைக் கொடுத்தார். அதில் ஒட்டகம் படம் போட்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"எத்தனைங்கிற வார்த்தை இங்க வேண்டாமே" என்றார் அவர் கனிவாக. "ஆமை உள்ள போயிருக்கு."

ஆமைக்குப் பிறகு ஒட்டகமா, நடுவில் வேறு ஏதாவது உண்டா என்பது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயில், தான் காலையிலிருந்தே இருப்பதாகவும் நேற்று வந்த நரி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்றும் சொன்னார். ஒரு வழியாக, "ஒட்டகம் தெளிவுக்கு வரலாம்" என்று அறிவிப்பு வந்தது. தெளிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்ததில், துணிவைத் தாண்டி, கழிப்பறைக்கு எதிரே என்றார்கள்.

தெளிவில் ஓர் ஆலோசகி மெத்தை மாதிரியான ஒரு மூட்டையில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த மூட்டையில் மாத்திரையக்காவும் புதைந்தாள்.

"கணக்குன்னு சொன்னதும் மனசுல என்ன நிறம் தோணுது?" என்று ஆலோசகி ஆரம்பித்தார்.

"நிறமா? கறுப்பு. போர்டு கறுப்பாத்தானே இருக்கும்."

"அருமை. ரொம்ப ஆழமா பாத்திருக்கீங்க."

"மேடம், எனக்கு லாக்னா என்னன்னே தெரியாது. பின்னம் கூட்டவும் தெரியாது. முதல் வருஷத்துல அதெல்லாம் வரும்னாங்க. அதான் வகுப்புல சேரலாம்னு..."

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. லாக் உங்களுக்கு இன்னும் அறிமுகமாகல. அவ்வளவுதான். நாளைக்கே அறிமுகமாகலாம், ஆகாமலும் போகலாம். அதுல என்ன இருக்கு?"

"பரீட்சை இருக்கே."

ஆலோசகி அவளைப் பரிவோடு பார்த்தார். பிறகு எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு வண்ணப் படத்தை எடுத்தார். எண்கள் அதிலும் இல்லை. ஒரு சிவப்புத் தூண், ஒரு பச்சைத் தூண். "உங்க நன்மைக்காகச் சொல்றேன். சிவப்பு, இணைப்புக் கணிதத்துல சேந்தவங்க. பச்சை, சேராதவங்க. போன வருஷம் சேந்தவங்கள்ல பாதிக்கு மேல முதல் வருஷப் பரீட்சையில தோத்துட்டாங்க. சேராதவங்க எல்லாரும் அனேகமா பாஸ்."

மாத்திரையக்கா சிவப்புத் தூணைத் தொட்டுக் காட்டினாள். "அப்ப அந்த வகுப்புல சேந்தா..."

"நான் சொல்லல. படம் சொல்லுது."

எங்கேயோ உதைக்கிறது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பின்னம் கூட்டத் தெரியாத ஒருத்தி வண்ணப் படத்தோடு வாதாட முடியுமா? படித்தவர்கள் தூண் தூணாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கணக்கு வராதவங்கதான் அந்த வகுப்புக்கே போயிருப்பாங்க. அவங்க கொஞ்சம் அதிகமாத்தான் தோப்பாங்க. என் பள்ளியில கத்துக்க வர்றவங்கதான் சுவத்துல கொண்டுபோய் மோதுறாங்க. கத்துக்க வராதவங்க மோதுறதே இல்ல, ஏன்னா அவங்க வண்டியவே தொடுறதில்ல. அதுக்காக என் பள்ளிய மூடிடலாமா?"

இது அவளுக்குப் புரிந்தது. மறுநாளே மையத்துக்குப் போனாள். இந்த முறை நீர்யானை. வெகுநேரம் காத்திருந்து, ஆலோசகியைத் தாண்டி, நேரே இயக்குநரையே பார்த்து, வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். கணக்கு வராதவர்கள் சேர்வதால்தான் அந்த வகுப்பில் தோல்வி அதிகம் என்றாள்.

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பெரிய வெளிச்சம். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்.

"கணக்கு வராதவங்க சேர்றதாலதான்!" என்றார் இயக்குநர். "இது ஏன் எங்க குழுவுல ஒருத்தருக்கும் தோணல? வியாதி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்கம்மா."

மாத்திரையக்கா மகிழ்ச்சியோடு வீடு திரும்பினாள். அதிகாரி ஒருவர் தன் பேச்சைக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. என்ன கேட்டார் என்பது வாரக் கடைசியில் தெரிந்தது. "இணைப்புக் கணித வகுப்பின் தரத்தை உயர்த்தும் பொருட்டு, இனி கணிதத்தில் போதிய தேர்ச்சி உள்ளவர்கள் மட்டுமே தகுதித் தேர்வின் அடிப்படையில் அதில் சேர்த்துக்கொள்ளப்படுவர்" என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

அலறியடித்துக்கொண்டு ஓடினாள். "ஐயா, தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற வகுப்புக்குத் தகுதித் தேர்வா?"

"தெரியாதவங்களைச் சேத்துச் சேத்துதானேம்மா அந்த வகுப்போட பேரே கெட்டுது? நீங்கதானே சொன்னீங்க?"

தேர்வை எழுதினாள். லாக் வந்தது. பின்னம் வந்தது. இவள் பார்த்தே இராத கிரேக்க எழுத்துகள் எல்லாம் வந்தன. முடிவும் வந்தது. "இணைப்புக் கணிதம் பயிலும் அளவுக்கு இவருக்குக் கணித அறிவு இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது."

"அப்ப பட்டப்படிப்பு?" என்று நடுங்கிப்போய்க் கேட்டாள். "அதுக்கு மட்டும் தகுதி இருக்கா?"

"அதுக்கென்னம்மா?" என்றார் இயக்குநர். "அதுலதான் ஏற்கெனவே சேந்துட்டீங்களே."

கண்ணில் நீர் முட்ட வெளியே வந்தவள், இனி மானம் பார்த்துப் பயனில்லை என்று கணித ஆசிரியரையே தேடிக்கொண்டு போனாள். இணைப்புக் கணிதம் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது பாடம் கேட்காது. அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. ஏனென்றால் பாடம் கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

முதல் வரிசையில் ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஒருவர். அடுத்தவர் கணிதத்திலேயே முதுகலை முடித்தவர். அதற்கடுத்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் ஆயுள் கணக்குப் போடுகிறவர். ஆசிரியர் கேள்வியை எழுதத் தொடங்கினாலே போதும், சாக்பீஸ் பலகையை விட்டு எடுப்பதற்குள் விடை வந்துவிடும். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு சான்றிதழ் கிடைக்கிறதே என்று பட்டப்படிப்பிலும் இடம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். இந்த வருடம் அது ஊரெங்கும் பெருமைக்குரிய பொருளாகிவிட்டது.

வகுப்பு முடிந்து ஆசிரியர் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாத்திரையக்கா போய் நின்றாள். "சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா?"

"சத்தியமா சார். முக்காலையும் மூணுல ரெண்டையும் கூட்டினா ஏழுல அஞ்சுன்னு சொன்னேன்."

ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏழுல அஞ்சு! எவ்வளவு நாளாச்சும்மா இப்படி ஒரு தப்பைப் பாத்து! நாளைக்கு வாங்க. பின்னாடி பெஞ்சுல உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அவளுக்காக அவர் பின்னத்திலிருந்து ஆரம்பித்தார். கீழே இருப்பவை வேறுவேறாக இருந்தால் முதலில் அவற்றை ஒன்றாக்க வேண்டும் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். அவர் ஏன் என்று சொன்னார். ஏதோ ஒரு கதவு லேசாகத் திறந்தது போல் அவளுக்கு இருந்தது. இன்னும் நாலு நாள் இப்படி நடந்தால் பிடித்துக்கொள்வோம் என்ற நம்பிக்கைகூட வந்தது. அந்த மகிழ்ச்சியில் இன்னொரு கேள்வியும் கேட்டாள்.

முதல் வரிசை திரும்பிப் பார்த்தது.

"என்ன இது?" என்றார் ஆடிட்டர். "இந்த வகுப்புல தெரியாதவங்க எப்படி வந்தாங்க?"

"இதை அனுமதிச்சா நாளைக்கு நம்ம சான்றிதழுக்கு என்ன மதிப்பு?" என்றார் முதுகலை.

அன்று பிற்பகலே புகார் மையத்துக்குப் போனது. வகுப்பறையில் கற்றல் நடைபெற்றதாகச் சந்தேகம் எழுந்திருப்பதை மையம் மிகவும் கவலையோடு பதிவு செய்தது. ஆசிரியருக்கு எச்சரிக்கை. மாத்திரையக்காவுக்கு வாசலில் தடை. தடை உத்தரவைக் கொடுத்தவர் அது அவளுடைய மன நலத்துக்காகவே என்று விளக்கியதோடு, விருப்பமிருந்தால் துணிவு அறையில் வண்ணம் தீட்டும் பயிற்சியில் கலந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை. முதல் வருடம் தொடங்கியது. முடிந்தது. கணிதப் பரீட்சையில் மாத்திரையக்கா தோற்றாள். அவளோடு சேர்ந்து இணைப்புக் கணிதத்துக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை பேரும் தோற்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் வெளியே நின்று, "அழாத, திறம்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வந்த ஆத்திரத்தில் கிளட்ச், பிரேக் எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை.

பல்கலைக்கழகத்திலோ ஒரே கொண்டாட்டம். இணைப்புக் கணிதத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. சிவப்புத் தூண், பச்சைத் தூண் இரண்டும் இடம் மாறிவிட்டன. இணைப்புக் கணிதம் ஒன்றே வெற்றிக்குக் காரணம் என்று இந்த முறை படம் சொன்னது. இயக்குநருக்கு விருது. விழாவுக்கு நடுவில்தான் பொருளாளர் வந்து காதில் ஒரு விஷயத்தைப் போட்டார். தோற்றவர்களை வெளியே அனுப்பினால் வகுப்புகள் காலி, கட்டணமும் காலி, அப்புறம் மாளிகைக்கு வெள்ளையடிக்கக்கூட வழியில்லை.

இயக்குநர் கலங்கவில்லை. அவருக்கு எதையும் கடைசிவரை யோசிக்கும் பழக்கம் உண்டு. குழுவைக் கூட்டினார்.

"இணைப்புக் கணிதத்துல சேந்தவங்க எல்லாரும் பாஸ். இது நிரூபிக்கப்பட்டது. சரிதானே?"

"சரி" என்றது குழு.

"அப்ப தோத்தவங்க ஏன் தோத்தாங்க?"

"சேராததால."

"சேந்திருந்தா?"

"பாஸ் ஆகியிருப்பாங்க."

"அப்புறம் என்ன? சேந்திருந்தாங்கன்னு வச்சுக்குவோம்."

குழு எழுந்து நின்று கைதட்டியது. தோற்ற ஒவ்வொருவரும் சென்ற விடுமுறையில் இணைப்புக் கணிதத்தில் "சேர்ந்ததாகக் கருதப்படுகிறார்" என்று தீர்மானம் நிறைவேறியது. சேர்ந்தவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றவர்கள் என்பது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட உண்மையாதலால், அவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றவர்களே. ஒரே நிபந்தனை. இதுவும் மாணவரின் சுயதீர்மானம்தான். சேர்ந்திருந்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

மாத்திரையக்கா காகிதத்தைக் கொண்டுவந்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். சேரலாமா வேண்டாமா என்று போன வருடம் தவித்தவள், சேர்ந்திருந்தோமா இல்லையா என்று இந்த வருடம் தவித்தாள்.

"நீ அங்க படிக்கலையே" என்றார் அவர்.

"ஒரு நாள் உக்காந்தேனே."

"ஒரு நாள் பெஞ்சுல உக்காந்தவ படிச்சவளா? நாளைக்கு மருந்து அளக்கப் போறவ நீ. திருப்பிக் குடுத்துடு."

"குடுத்துட்டு? மறுபடி கவுன்ட்டர்ல நின்னு 'இருங்க, அவர் வரட்டும்'னு சொல்லட்டுமா? நான் படிக்க மாட்டேன்னா சொன்னேன்? கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு. உள்ள விட்டாங்களா? மத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நான் ஒருத்தி உத்தமியா இருந்து என்ன ஆகப் போகுது?"

அவள் போன வருடம் முழுக்க எப்படி அலைந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, மனைவி பட்டதாரியாவதில் அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மெதுவாகப் பேனாவை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று அடித்தளத்துக்குப் போனாள். அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். இனி எல்லோரும் சேர்ந்ததாகக் கருதப்படுவதால் வகுப்பு நடத்த வேண்டிய அவசியம் நீங்கிவிட்டதாம். அவரை மையத்தில் துணை இயக்குநராகப் பதவி உயர்த்தியிருந்தார்கள்.

"சார், அந்தப் பின்னத்தை மட்டுமாவது எனக்கு முடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"எப்படிம்மா முடியும்?" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்கதான் முதல் வகுப்புல தேறிட்டீங்களே. சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவனே நான்தான்."

பாராட்டு விழாவில் மாத்திரையக்காவை மேடையேற்றினார்கள். உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் ஏறினாள். மைக்குக்கு முன்னால் நின்றபோது முதல் வரிசையில் வீட்டுக்காரரும் பெண்ணும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெண் கையை உயர்த்தி ஆட்டியது. "இணைப்புக் கணிதம் என் வாழ்க்கையை மாற்றியது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வீட்டுக்காரரும் தட்டினார்.

இரண்டாம் வருடம் நடுவில் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் பார்த்தும் குறையாததால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மருந்து அளவு தப்பக் கூடாது என்றார். பெண்ணின் எடையையும், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் சீட்டில் எழுதினார். அதை மில்லியாக மாற்றி அளந்து கொடுப்பது மருந்தாளுநர் பொறுப்பு.

கவுன்ட்டரில் ஒரு வாலிபன் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் 'பயிற்சி மருந்தாளுநர்' என்று அட்டை. சீட்டை வாங்கிப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். பிறகு மலர்ந்த முகத்தோடு பாட்டிலின் மேல் "பதினாறு மில்லி" என்று எழுதினான்.

"தம்பி, பதினாறா?" என்றாள் மாத்திரையக்கா. "இத்தனூண்டு பிள்ளைக்கு அவ்வளவு குடுத்து நான் பாத்ததே இல்லையே."

"அதிகம்னு நினைக்கிறீங்களா? அப்ப ஆறு?" பதினாறை அவன் கொஞ்சமும் மனம் கோணாமல் அடித்தான்.

"நினைக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? கணக்குப் போட்டுப் பாரு. பெரிய மருந்தாளுநர் எங்க?"

"அவர் மையத்துல சுயதீர்மானப் பயிற்சிக்குப் போயிருக்காருக்கா." அப்போதுதான் அவன் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தான். "அட, நீங்க நம்ம பேட்ச்தானே? இணைப்புக் கணிதம் முதல் வகுப்புன்னு மேடையில பேசினீங்களே! நான் கீழே உக்காந்து தட்டினேன்க்கா. நானும் உங்கள மாதிரிதான்."

"என்ன மாதிரி?"

"கையெழுத்துப் போட்டவன்" என்று சிரித்தான் அவன். சிரித்துக்கொண்டே சீட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். "முதல் வகுப்பு நீங்க. நீங்களே போட்டுடுங்களேன்."

தோளில் பெண் அனலாகக் கொதித்தது. மாத்திரையக்கா பேனாவை எடுத்தாள். எடையை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அடித்தளத்து அறையும் ஜெனரேட்டர் சத்தமும்தான் நினைவுக்கு வந்தன. கண்ணில் நீர் திரையிட்டு எழுத்து மறைந்தது. எழுதிய கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அதில் அடுத்ததாக நின்றவர் தன் சீட்டை ஆட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏதோ ஒண்ணை எழுதி வாங்கிட்டு நகருங்கம்மா" என்றார். "எங்களுக்கும் இதே ஆள்தானே மருந்து தரணும்?"